பித்தளை உரலில் இடித்த தக்காளி

சென்ற மாதம் இரண்டு இளம் விவசாய உத்தியோகத்தர்கள் கிளிநொச்சியில் உள்ள என் வீட்டுக்கு வந்தார்கள். பெண்பிள்ளை மோட்டார் சைக்கிளை ஓட்ட, பெடியன் பின்னால் கோப்புக் கட்டைக் கட்டிப் பிடித்தபடி உட்கார்ந்து வந்தான். அந்தக் காட்சியே எனக்குப் பிடித்துப் போய்விட்டது. ஏதோ மலர் வெளியிடப் போகிறார்களாம், ஓய்வு பெற்றவர்களிடம் கட்டுரை வாங்குகிறார்களாம். தேநீர் குடித்து முடிந்ததும் பிள்ளை விஷயத்துக்கு வந்தாள்.

“ஐயா, உங்கடை காலத்திலை மரக்கறியிலை நல்ல சத்து இருந்தது, இப்ப ஒண்டும் இல்லாமல் போச்சுது எண்டு ஒரு கட்டுரை எழுதித் தாங்கோ.”

“அதை நீ பாத்தனியோ?” என்று கேட்டேன்.

“எல்லாரும் அப்பிடித்தானே ஐயா சொல்லுகினம்.”

“நான் பாத்தனான் பிள்ளை. எங்கடை காலத்திலையும் பச்சைத்தண்ணி மாதிரித் தக்காளி இருந்தது. அதை அப்பிடி வளக்கச் சொல்லிக் குடுத்த ஆக்களிலை நானும் ஒருத்தன். அதை எழுதட்டோ?”

இருவரும் ஆளையாள் பார்த்தார்கள். பிறகு பெடியன் சிரித்துவிட்டு, “எழுதுங்கோ ஐயா” என்றான். அவன் சிரித்திருக்காவிட்டால் இந்தக் கட்டுரை இல்லை.

ஐம்பதுகளின் பிற்பாதியில் தென்மராட்சியிலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு வன்னிக்கு வந்தேன். காட்டை வெட்டிக் குடியேற்றத் திட்டங்கள் போட்டுக்கொண்டிருந்த காலம். ஒரு பரிசோதனைப் பண்ணையின் ஆய்வுகூடத்தில் உதவியாளன் வேலை. ஆய்வுகூடம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை போட்ட ஒரு நீள அறை, அதற்குள் மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு குளிர்ப்பெட்டி, இரண்டு மேசை, ஒரு கண்ணாடி அலுமாரி. முதலாம் வருடம் போத்தல் கழுவினேன். இரண்டாம் வருடம் தராசில் நிறுக்கப் பழகினேன். மூன்றாம் வருடந்தான் நீலச் சாயத்தைத் தொட விட்டார்கள். பயிற்சிக் காலம் இவ்வளவுதான். இடையில் நான் உடைத்த கண்ணாடிகளைப் பற்றி எழுதினால் மலரில் இடம் காணாது.

என் மேலதிகாரி நமசிவாயம் ஐயா. இரசாயனம் படித்தவர். மெலிந்த மனிதர், சைக்கிளில் வருவார். சட்டைப் பையில் பென்சில், பென்சிலுக்குப் பக்கத்தில் கடதாசியில் சுருட்டிய உப்புச் சரை. அந்த உப்பு எதற்கென்றால், எந்த மரக்கறியைப் பரிசோதித்தாலும் பாதிதான் பரிசோதனைக்கு. மிச்சப் பாதி ஐயாவின் வாய்க்கு. வெண்டிக்காய், கத்தரிக்காய், பாகற்காய், எதுவும் விதிவிலக்கில்லை. பச்சையாக உப்புத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு மெல்லுவார். அந்த மிச்சத்தை அவர் ஒருநாளும் ஒருவருக்கும் கொடுத்ததில்லை. ஒருமுறை நான் ஒரு துண்டு வெள்ளரிக்காயை எடுத்துக் கடிக்கப் போய், அவர் பார்த்த பார்வையில் திரும்ப வைத்துவிட்டேன்.

“ஏன் ஐயா, அதுதான் அளந்து பாக்கிறமே, பிறகேன் சாப்பிடுறியள்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“என்ரை நாக்கு எவ்வளவு பொய் சொல்லுது எண்டு பாக்கத்தான்” என்றார்.

அவர் என்னை ‘நீர்’ என்றுதான் கூப்பிடுவார். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் ஒரு சொல் அவருக்கு ஆகாது. யாராவது வந்து, “இது சத்தான காய் ஐயா” என்றால் போதும், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, “எந்தச் சத்து?” என்று கேட்பார். எனக்கும் அதுதான் பாடம். “சத்து எண்டு சொல்லாதையும் தம்பி. எந்தச் சத்து எண்டு சொல்லும். ஒண்டு கூடேக்கை இன்னொண்டு குறையும்.”

அது உண்மை என்பதைக் கீரையில் கண்டேன். பூவரசங்குளப் பக்கம் ஒரு வாத்தியார் தன் வளவில் முளைக்கீரை போட்டிருந்தார். அமோனியாப் பசளை, அதாவது இரசாயன உரம், போட்ட பாத்தியில் கீரை கரும்பச்சையாக, இலை கைவிரிப்பளவு வந்திருந்தது. கண்பார்வைக்கு வேண்டிய சத்து அதில் கூடுதலாகவே இருந்தது. உயிர்ச்சத்து சி மட்டும் மற்றப் பாத்தியை விடக் குறைவு. அதே வாத்தியார், இலை மெத்தென்று இருக்க வேண்டுமென்று, மாமர நிழலிலும் ஒரு பாத்தி போட்டிருந்தார். தின்ன அருமையான கீரை. சி சத்து அதில்தான் எல்லாவற்றையும் விடக் குறைவு. வெயில் படாத இலை அதை அவ்வளவாகச் செய்யாது. வாத்தியாருக்கு என் மீது சரியான கோபம். தன் மாமரத்தை நான் அவமதித்துவிட்டதாக இரண்டு மாதம் என்னோடு கதைக்கவில்லை.

இனி அந்தப் பரிசோதனையை எப்படிச் செய்வோம் என்று சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் பின்னால் நான் செய்த கூத்து விளங்காது.

தக்காளியைக் காம்பிலிருந்து அடிவரை நீளப்பாட்டுக்குக் கீறி ஒரு துண்டு எடுக்க வேண்டும். மேலும் கீழும் ஒரே அளவு சத்து இல்லாதபடியால் அப்படி. துண்டை நிறுத்து, பீங்கான் உரலில் போட வேண்டும். போடுமுன்பே உரலில் அமிலம் ஊற்றியிருக்க வேண்டும். ஏனென்றால் சி சத்து காற்றுப் பட்டாலே போகத் தொடங்கும், அமிலத்துக்குள் கொஞ்சம் பத்திரமாக இருக்கும். அரைத்ததை மெல்லிய துணியில் வடித்தால் இளமஞ்சள் தண்ணீர் வரும். அதில் அளந்து எடுத்து ஒரு குடுவையில் விட்டு, மேலே நீளக் கண்ணாடிக் குழாயில் நீலச் சாயத்தை நிரப்பி, குழாயின் திருகைத் திறந்து துளி துளியாக விட வேண்டும். நீலத் துளி விழுந்ததும் இளஞ்சிவப்பாகி, உடனே மறைந்து போகும். அதை மறைய வைப்பது அந்தச் சத்து. இன்னொரு துளி, அதுவும் மறையும். சத்து எல்லாம் தீர்ந்த பிறகு விழும் துளி மறையாது. குடுவையில் இளஞ்சிவப்பு தங்கி நிற்கும். பதினைந்து எண்ணும் வரை நின்றால் முடிந்தது. எவ்வளவு சாயம் குடித்ததோ அவ்வளவு சத்து.

ஐயா சாயம் விடும்போது மூச்சை அடக்கிக்கொள்வார். அந்த நேரம் யாரும் தும்மக்கூடாது. தும்மினால் திட்ட மாட்டார், குடுவையைக் கழுவி வைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்குவார். திட்டினால் நன்றாயிருக்குமே என்று இருக்கும்.

எங்கள் பண்ணையிலிருந்து சைக்கிள் தூரத்தில் ஒரு குடியேற்றத் திட்டம். குளத்துத் தண்ணீர் வாய்க்கால் வழியே வந்து ஒவ்வொரு காணிக்கும் மடை மடையாகப் பிரியும். வாய்க்காலின் தொடக்கத்தில் சிவபாக்கியம் அக்காவின் காணி. குடாநாட்டிலிருந்து வந்த குடும்பம். நெல்லோடு தக்காளியும் செய்தார். தக்காளி என்றால் சின்னத் தேங்காய் அளவு. செவ்வாயும் வெள்ளியும் ஒரு வண்டில் தக்காளி பக்கத்து ஆசுப்பத்திரிக்குப் போகும். கர்ப்பிணித் தாய்மாருக்கு ஆளுக்கு நாளொன்றுக்குக் கால் றாத்தல் தக்காளி சமைக்காமல் கொடுக்க வேண்டும் என்று டொக்டர் எழுதியிருந்தார். அந்தத் தாய்மாரில் ஒருத்தி அக்காவின் ஒரே மகள் தவமணி. அவளுக்கு முதல் கரு தங்கவில்லை. இந்த முறை கவனமாக இருக்க வேண்டுமென்று முன்கூட்டியே ஆசுப்பத்திரி விடுதியில் படுக்க வைத்திருந்தார்கள். “டொக்டர் மருந்து குடுக்கிறார், நான் தக்காளி குடுக்கிறன்” என்று அக்கா வருவோர் போவோருக்கெல்லாம் சொல்லிக்கொள்வார்.

ஒரு மாசி மாதக் காலையில் ஆசுப்பத்திரியின் தலைமைத் தாதியான மேற்றன் ஒரு கடதாசிப் பையில் இரண்டு தக்காளியோடு எங்கள் ஆய்வுகூடத்துக்கு வந்தார். கஞ்சி போட்ட வெள்ளை உடுப்பு, அதை விட விறைப்பான நடை.

“நான் நிறுத்துக் குடுக்கிறன், தம்பி. கால் றாத்தல் எண்டால் கால் றாத்தல். ஆனால் இதை வெட்டினால் தண்ணியாத்தான் ஓடுது. நிறைக்குள்ளை என்ன கிடக்கு எண்டு நீங்கள்தான் சொல்ல வேணும். ஒண்டும் இல்லையெண்டால் நான் லொறியிலை மலைநாட்டுத் தக்காளி எடுப்பிக்கப் போறன்.”

ஐயா பென்சிலைக் காதில் செருகினார். நல்லகாலம், மேற்றன் ‘சத்து’ என்ற சொல்லைச் சொல்லவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க வேறு தக்காளி வேண்டுமே என்று நான் அதே வாய்க்காலின் கடைசிக் காணிக்குப் போனேன். அது முல்லைத்தீவிலிருந்து வந்து குடியேறிய காசிம் காக்காவின் காணி. வாய்க்கால் தண்ணீர் அவர் மடைக்கு வருவதற்குள் களைத்துப் போய்விடும். பாவம், ஒரு சிறு கிணறு தோண்டி வாளியால் ஊற்றித் தக்காளி வளர்த்தார். பசளை வாங்கவும் இல்லை, ஆட்டெருதான். செடி ஒவ்வொன்றும் எலும்பும் தோலுமாக, காய் எலுமிச்சை அளவில் வெயிலில் வெளியே தொங்கிக்கொண்டு நின்றது.

“இதையெல்லாம் எதுக்குத் தம்பி கொண்டு போறீங்க? ஊருக்கு என்னைக் காட்டிச் சிரிக்கவோ?” என்று கேட்டார்.

முடிவு வந்தபோது நான் இரண்டு தரம் செய்து பார்த்தேன். பிறகு ஐயா ஒரு தரம் செய்து பார்த்தார். அக்காவின் பெரிய தக்காளி ஐந்து அளவு சாயத்தோடு நிறைந்துவிட்டது. காசிம் காக்காவின் எலுமிச்சைத் தக்காளி, அதே நிறைக்கு, பத்துக்கு மேல் குடித்தது. ஐயா இரண்டின் மிச்சத்தையும் உப்புத் தொட்டுத் தின்றார். “இந்த முறை நாக்கும் உண்மைதான் சொல்லுது” என்றார்.

இதைச் சிவபாக்கியம் அக்காவிடம் சொல்லும் வேலை எனக்கு. நான் போகும்போது அவர் மடையில் நின்றுகொண்டிருந்தார். தக்காளிப் பாத்திகளில் தண்ணீர் கணுக்கால் அளவு நின்றது. செடிகள் தழைத்து ஒன்றின்மேலொன்று படுத்துக் கிடந்தன. காய்கள் இலைக்குக் கீழே, வெயிலைக் காணாமல் கிடந்தன. இந்தப் பக்கம் நான்தான் ஒரு வருடத்துக்கு முன் அமோனியாப் பசளைச் சாக்கைக் கொடுத்து, “போடுங்கோ அக்கா, காய் பெருக்கும்” என்று சொல்லிவிட்டுப் போனவன். பெருத்துத்தான் இருந்தது.

சுற்றி வளைத்துச் சொன்னேன். அவர் வளைவெல்லாம் கேட்கவில்லை.

“அப்ப என்ரை பிள்ளைக்கு நான் பச்சைத்தண்ணியோ தம்பி குடுத்துவிட்டனான்?”

நான் பாத்தியில் நின்ற தண்ணீரைப் பார்த்தேன். “ஏனக்கா இவ்வளவு தண்ணி விடுறியள்?” என்று மட்டும் கேட்டேன்.

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவர் சொன்னதை இன்றைக்கும் அப்படியே சொல்லுவேன். “தம்பி, நான் பிறந்த ஊரிலை என்ரை அப்பு ஒரு பட்டை தண்ணிக்குக் கிணத்திலை துலா மிதிச்சவர். நாங்கள் பாத்திக்கு எத்தினை பட்டை எண்டு எண்ணி எண்ணி ஊத்தினனாங்கள். இஞ்சை மடையைத் திறந்தால் தானா வருது, தம்பி. காலமை எழும்பி வந்து திறந்துவிட்டு, உந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நிப்பன். பூட்ட மனம் வருகுதில்லை.”

அவர் மட்டுமல்ல. குடாநாட்டிலிருந்து வந்து வாய்க்காலின் தலைப்பில் காணி எடுத்த எல்லாருக்கும் இதே வியாதி. துலாவோடு மல்லுக்கட்டிய சனம் ஓடுகிற தண்ணீரைக் கண்டதும் குடிக்கக் கொடுக்கிற மாதிரிப் பயிருக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தது. கமத்தில் கைதேர்ந்த ஆட்கள், தண்ணீர் குறைந்தால் என்ன செய்வதென்று அவர்களுக்கு நூறு வழி தெரியும். கூடினால் என்ன செய்வதென்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

ஐயா அக்காவின் தோட்டத்துக்கே வந்துவிட்டார். சைக்கிளை வேலியில் சாத்திவிட்டு, இன்னும் பூக்காத புதுக் கன்றுகளில் நான்கு வரிசையைத் தெரிந்தெடுத்தார். ஒவ்வொரு வரிசைக்கும் தடியில் சிவப்புத் துணி கட்டினார்.

“முதல் வரிசை நீங்கள் வழக்கமாச் செய்யிற மாதிரி. ரெண்டாவதுக்குத் தண்ணி அரைவாசி. மூண்டாவதுக்குப் பசளை அரைவாசி. நாலாவதுக்கு மற்றதெல்லாம் பழையபடி, ஆனால் தடி நட்டு நிமித்திக் கட்டி, காய்க்கு வெய்யில் படவிட வேணும். எல்லாப் பழமும் செடியிலையே சிவக்கட்டும். பச்சையாப் பிடுங்கி வைக்கோலுக்குள்ளை பழுக்க வைக்கிற வேலை வேண்டாம்.”

“எல்லாத்தையும் எல்லா வரிசைக்கும் செய்தாலென்ன ஐயா?” அக்கா கேட்டார். “எனக்குப் பிள்ளை ஆசுப்பத்திரியிலை கிடக்கிறாள்.”

“செய்யலாம். ஆனால் எதாலை வந்தது எண்டு ஆருக்கும் தெரியாமல் போயிடும். ஒண்டொண்டாத்தான் மாத்த வேணும்.”

அக்கா தலையாட்டினார். தலையாட்டிய விதம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் ஐயா நம்பினார்.

மேற்றனிடம் தவணை கேட்டோம். “சித்திரை முடியுமட்டும் பாப்பன். அதுக்குப் பிறகு லொறிதான்” என்றார்.

அந்த இரண்டு மாதமும் என் உத்தியோக வாழ்க்கையிலேயே சந்தோஷமான மாதங்கள். பின்னேரங்களில் சைக்கிளில் போய் வரிசைகளைப் பார்ப்பேன். அக்கா மடையைப் பூட்டும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு பூட்டுவார். ஒரு மடை பூட்டியதைப் பார்த்து அயற்காணிக்காரரும் கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டத் தொடங்கினார்கள், சிவபாக்கியம் சும்மா ஒன்றும் செய்யமாட்டா என்ற நினைப்பில். ஒருநாள் காசிம் காக்கா வேர்க்க விறுவிறுக்க ஆய்வுகூடத்துக்கு ஓடி வந்தார்.

“தம்பி, வாய்க்கால்ல தண்ணி வந்திட்டுது!”

“நல்லதுதானே காக்கா! எத்தினை வருசமாக் கேட்டனீங்கள்?”

“நல்லதுதான், அல்ஹம்துலில்லாஹ். ஆனா இனி என்ர தக்காளியும் கெட்டுப் போகுமோ?”

ஐயா சிரித்ததை நான் கண்டது அன்றைக்குத்தான். பல் எல்லாம் தெரியச் சிரித்தார். “நெல்லுக்கு விடுங்கோ காக்கா. தக்காளிக்கு வாளித் தண்ணியே போதும்” என்றார்.

இனி என் கூத்துக்கு வருகிறேன். சித்திரை கடைசி வாரம் நான்கு வரிசையிலும் பழம் சிவந்துவிட்டது. மறுநாள் காலை மேற்றனுக்கு முடிவு சொல்ல வேண்டும். ஐயா காலையில் வவுனியாவுக்குப் போயிருந்தார். பரிசோதனையை நானே செய்யும்படி சொல்லிவிட்டுப் போயிருந்தார். எனக்குத் தலைகால் தெரியாத பெருமை. அந்தப் பெருமையில் பீங்கான் உரலைக் கழுவும்போது கை வழுக்கிச் சீமெந்தில் போட்டேன். மூன்று துண்டு.

பண்ணையில் இருந்ததே அந்த ஒரு உரல். அதை உடைத்ததை ஐயாவிடம் சொல்லும் தைரியம் எனக்கில்லை. துண்டுகளைக் கொண்டுபோய்ப் பப்பாசி மரத்தடியில் புதைத்தேன். பிறகு காவலாளியிடம் போனேன். பல் விழுந்த மனிதர், வெற்றிலை இடிக்க ஒரு பித்தளைச் சிற்றுரல் வைத்திருந்தார். அதை வாங்கி, மூன்று தரம் தேய்த்துக் கழுவினேன். அமிலம் ஊற்றினால் பித்தளையை அரித்துவிடும் என்று எனக்குத் தெரியும். அதனால் தக்காளியை முதலில் உரலில் நன்றாக இடித்து, பிறகு கண்ணாடிக்கு மாற்றி அமிலம் ஊற்றினேன். என்னுடைய மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

சாயத்தை விட்டேன். முதல் வரிசை மூன்றோடு நின்றது. இரண்டாவது மூன்று. மூன்றாவதும் மூன்று. நான்காவது மூன்றரை. அக்கா இரண்டு மாதம் பாடுபட்டது எல்லாம் பழைய தண்ணீர்த் தக்காளியை விடக் கேவலமாக வந்தது. நான் மூளையில்லாதவன் போல நேரே சைக்கிளில் ஏறிப் போய் அதை அக்காவிடம் சொல்லியும்விட்டேன். முதல் தடவை அவர் கேள்வி கேட்டார். இந்தத் தடவை பூட்டிய மடையின் பலகையில் உட்கார்ந்து சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கேள்வி கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும்.

பொழுது சாயுமுன் ஐயா திரும்பினார். புத்தகத்தில் நான் எழுதிய எண்களைப் பார்த்தார். வடித்த தண்ணீர் மிச்சம் இருந்த குடுவையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அடியில் ஒரு சின்னச் செந்நிறத் துகள் கிடந்தது. மணந்து பார்த்தார்.

“தம்பி, இந்தத் தக்காளி வெத்திலை போடுமோ?”

நான் நின்ற இடத்திலேயே வேர்த்துவிட்டேன்.

“பீங்கான் உரல் எங்கை?”

“பப்பாசி மரத்தடியிலை ஐயா.”

“அங்கை ஏன் போனது?”

எல்லாவற்றையும் சொன்னேன். அமிலத்தைப் பற்றிய என் கெட்டித்தனத்தையும் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“பித்தளையிலை செம்பு கிடக்கு. சி சத்தைத் தின்னிறதுக்குச் செம்பைப் போல வேறை இல்லை. அமிலமும் இல்லாமல் இடிச்சிருக்கிறீர். வெத்திலை உரலிலை சுண்ணாம்பு வேறை. மூண்டளவு எண்டாலும் மிஞ்சினதே பெரிய காரியம்.” பிறகு குடுவையை மேசையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “உடைஞ்ச உரலுக்கு அரசாங்கம் வேறை உரல் தரும் தம்பி. அந்த மனிசி ரெண்டு மாசமாப் பூட்டின மடைக்கு ஆர் என்ன குடுக்கிறது?”

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது, அழுதேன். அவர் சிவப்புப் பென்சிலை எடுத்து, ‘உரல் உடைந்தது. வேறு உரலில் இடித்தது. முடிவு செல்லாது’ என்று புத்தகத்தில் எழுதி, என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னார். வைத்தேன். அந்தப் பக்கத்தில் என் பெயர் எழுத்துக்கூட்டிப் படிக்க முடியாதபடி நனைந்திருக்கும். பிறகு, “நாளைக்குக் காலமை ஆசுப்பத்திரிக்குச் சாமான் எல்லாத்தையும் கட்டும். மருந்தறையிலை பீங்கான் உரல் கிடக்கு. அங்கையே செய்வம். சிவபாக்கியத்தையும் வரச் சொல்லும். நீரே போய்ச் சொல்லும்” என்றார்.

சொன்னேன். உரலைப் பற்றியும் சொன்னேன். அக்கா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “விசர்ப் பெடியன்” என்றார். அதற்குப் பிறகு அவர் என்னை வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நான் உத்தியோகத்தில் உயர்ந்த பிறகும் அதே பெயர்தான்.

காலையில் மருந்தறை மேசையில் குழாயை நிறுத்தினோம். மேற்றன் ஒருபக்கம் கைகட்டிக்கொண்டு நின்றார். அக்கா கூடையோடு மறுபக்கம். விடுதியிலிருந்து தவமணி மெல்ல மெல்ல நடந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், வயிறு நிறைமாதம். காசிம் காக்காவும் எப்படியோ செய்தி அறிந்து யன்னலுக்கு வெளியே நின்றார். ஐயா உரலில் அமிலத்தை முதலில் ஊற்றி, என்னைப் பார்த்தார். நான் நிலத்தைப் பார்த்தேன்.

முதல் வரிசை, வழக்கப்படி வளர்த்தது: ஐந்து. மாசியில் பார்த்த அதே ஐந்து. பசளை குறைத்தது அதற்குக் கொஞ்சம் மேலே. தண்ணீர் குறைத்தது ஏழு. வெயில் பட்டது எட்டுக்குக் கிட்ட. ஒவ்வொரு அளவு சாயம் முடியும்போதும் அக்கா கைவிரலை மடக்கி மடக்கி எண்ணினார். மேற்றனும் கையைக் கட்டவிழ்த்துவிட்டு மேசைக்குக் கிட்ட வந்துவிட்டார்.

“கூடியிருக்குத்தான். ஆனால் காசிம் காக்காவின்ரை தக்காளி பத்துக்கு மேலை எண்டெல்லோ சொன்னனீங்கள்?” என்றார் மேற்றன்.

அப்போதுதான் அக்கா கூடையின் அடியில் கைவிட்டு, வாழையிலையில் சுற்றிய ஒரு தக்காளியை எடுத்தார். பெரிதுமில்லை, சின்னதுமில்லை. காம்படியிலிருந்து அடிவரை ஒரே சிவப்பு.

“இது என்ன வரிசை?” ஐயா கேட்டார்.

“அஞ்சாவது வரிசை ஐயா.”

“நான் நாலுதானே சொன்னனான்?”

“நீங்கள் உங்கடை புத்தகத்துக்கு நாலு கேட்டனீங்கள். செய்து தந்தனான். இது என்ரை பிள்ளைக்கு. தண்ணி, பசளை, தடி, எல்லாம் ஒண்டா மாத்தினனான். வேலிக்குப் பின்னாலை நட்டனான், நீங்கள் கண்டால் ஏசுவியள் எண்டு.”

ஐயா அதை வாங்கினார். கீறினார், நிறுத்தார், அரைத்தார், வடித்தார். குழாயை நிரப்பினார். மூச்சை அடக்கிக்கொண்டார். அந்த அறையில் நாங்கள் எல்லாரும் அடக்கிக்கொண்டோம். ஐந்து போனது. எட்டு போனது. நீலம் விழுவதும் மறைவதுமாக இருந்தது. பத்து. அக்காவுக்கு விரல் முடிந்துவிட்டது. யன்னலுக்கு வெளியே காசிம் காக்கா தன் விரலை நீட்டி, “இதை எடு தங்கச்சி” என்றார். பதினொன்று. இளஞ்சிவப்பு நின்றது. பதினைந்து எண்ணினோம், மேற்றன் சத்தமாகவே எண்ணினார்.

“செவ்வாய்க்கிழமை வண்டில் வரட்டும்” என்றார் மேற்றன். “ஆனால் உந்த அஞ்சாம் வரிசையிலை இருந்துதான்.”

அக்கா பதினொரு விரல் எண்ணிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

மேசையில் அந்தத் தக்காளியின் மிச்சப் பாதி கிடந்தது. ஐயா வழக்கம்போலச் சட்டைப் பையிலிருந்து உப்புச் சரையை எடுத்துப் பிரித்தார். பாதித் தக்காளியில் உப்பைத் தூவினார். வாய்க்குக் கிட்டக் கொண்டு போனவர், நிமிர்ந்து கதவு நிலையில் நின்ற தவமணியைப் பார்த்தார். எழுந்து போய் அதை அவள் கையில் கொடுத்தார். இத்தனை வருடத்தில் நான் அப்படி ஒன்றைக் கண்டதில்லை.

அவள் ஒரு கடி கடித்தாள். ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, தோளை ஒருதரம் உலுப்பினாள்.

“அம்மா, புளிக்குது!”

சிவபாக்கியம் அக்கா யன்னலடிக்கு ஓடிப் போய், வெளியில் நின்ற காசிம் காக்காவுக்கும் வண்டில்காரனுக்கும் வாசலில் மருந்துக்குக் காத்திருந்த சனம் முழுக்கவும் கேட்கக் கத்தினார். “புளிக்குதாம்! என்ரை தக்காளி புளிக்குதாம்!”

எல்லாரும் சிரித்தார்கள். மேற்றனும் சிரித்தார். ஐயா மட்டும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். எனக்கு விளங்கிவிட்டது. புளிப்பு வேறு, அந்தச் சத்து வேறு, நாக்கு பொய் சொல்லும் என்று சொல்ல வாயைத் திறக்கிறார். நான் முதன்முதலாக அவருடைய சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன்.

“ஐயா, இண்டைக்கு மட்டும் விடுங்கோ.”

என்னை ஒருதரம் பார்த்தார். வாயை மூடிக்கொண்டு, பீங்கான் உரலை எடுத்துப்போய், எனக்குத் தராமல் தானே கழுவினார்.